நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் பார், கஃபே, ஸ்டுடியோ, சவுண்ட் இன்ஜினியரிங் கல்லூரி நடத்தும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், எலக்ட்ரானிக் இசை நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்பவர்களுக்கும் வணக்கம்.

உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வேளச்சேரியில் ஒரு பத்துக்குப் பத்து அறையில், ஆபீஸ் முடிந்து வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் எலக்ட்ரானிக் இசை டிராக் செய்துகொண்டிருக்கும் ஆள் நான். இதே வேலையை இதே நேரத்தில் தாம்பரத்திலும் ஆவடியிலும் பெரம்பூரிலும் ஓஎம்ஆர் பிஜி அறைகளிலும் செய்துகொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். என் பக்கத்துத் தெருவிலேயே ஒருவர் இருக்கலாம். எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. வயலின் கற்றுக்கொள்பவர் வாசித்தால் தெருவுக்கே கேட்கும். டிரம்ஸ் அடித்தால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், அந்தச் சாக்கிலாவது நாலு பேருக்கு விஷயம் தெரியும். ஹெட்போனுக்குள் செய்யும் இசை பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவுக்குக்கூடக் கேட்பதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். பணம் வேண்டாம், உங்கள் மேடையில் சான்ஸும் வேண்டாம். நீங்கள் பயன்படுத்தாத நேரத்தில் உங்கள் ஸ்பீக்கர் வேண்டும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக ஆரம்பித்தவர் யாரிடம் யோசனை கேட்டாலும் "நெட்வொர்க் பண்ணுப்பா" என்ற இடத்தில்தான் பேச்சு வந்து நிற்கும். நடைமுறையில் அதற்கு அர்த்தம், தன்னைவிடப் பெரிய ஆளாகப் பார்த்துப் பிடி என்பது. நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் நின்று கைகுலுக்கு, ஸ்டோரியில் டேக் பண்ணு, இன்பாக்ஸில் லிங்க் போடு. இப்படி வந்து குவியும் லிங்குகளைப் பற்றி நீங்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அலுப்பு நியாயமானது. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து, முன்பின் தெரியாத ஒருவரின் ஆறு நிமிட டிராக்கை யார் உட்கார்ந்து கேட்பார்கள்? ஆகவே நல்ல மனதோடு "செம ப்ரோ" என்று ஒரு நெருப்புப் படத்தைப் போட்டு அனுப்புகிறீர்கள். அந்த நெருப்பை வைத்துக்கொண்டு அவரால் ஒரு ஸ்னேர் டிரம் சத்தத்தைக்கூடச் சரிசெய்ய முடியாது. உங்களுக்கும் தொல்லை, அவருக்கும் பயனில்லை.

இந்த இசை எங்கெல்லாம் வேர்பிடித்ததோ அங்கெல்லாம் நடந்தது வேறு மாதிரி. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து டெக்னோ இசையைத் தொடங்கியவர்களாகச் சொல்லப்படும் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் டெட்ராய்ட்டுக்கு வெளியே பெல்வில் என்ற சிற்றூரில் ஒரே பள்ளிக்கூடத்துப் பையன்கள். அப்போது மூவருக்கும் ஒரு பெயரும் கிடையாது. ஒருவருக்கொருவர் கிடைத்தார்கள், அவ்வளவுதான்.

இதைவிட எனக்கு நெருக்கமான உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் பம்பாயில் சரண்ஜித் சிங் என்பவர் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். இந்திப் பட ஆர்க்கெஸ்ட்ராக்களில் வருடக்கணக்காக வாசித்தவர். ரோலண்ட் கம்பெனியின் டிபி-303 என்ற, தாழ்ந்த பேஸ் ஒலி எழுப்பும் பெட்டி, டிஆர்-808 டிரம் மெஷின், ஜூபிட்டர்-8 சிந்தசைசர், இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்திருந்தார். இன்றைக்குக் கேட்பவர்கள் அசல் ஆசிட் ஹவுஸ் என்று சத்தியம் செய்வார்கள். ஆனால் அப்படியொரு இசைவகை அப்போது பிறக்கவே இல்லை. தட்டு விற்கவில்லை. 2010-இல் ஒரு டச்சு இசைத்தட்டு நிறுவனம் அதை மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் அவரைத் தேடி வந்தது.

இப்போது சிகாகோவுக்கு வாருங்கள். அதே டிபி-303. பேஸ் கிட்டாருக்குப் பதிலாக என்று சொல்லி விற்கப் பார்த்து, வாங்க ஆளில்லாமல் 1984-இலேயே தயாரிப்பை நிறுத்திய சாமான். டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே என்ற மூன்று பையன்கள் பழைய பெட்டி ஒன்றை வாங்கி, அதன் குமிழ்களைத் தாறுமாறாகத் திருகி, வந்த சத்தத்தைக் கேசட்டில் பதிந்தார்கள். மியூசிக் பாக்ஸ் என்ற கிளப்பில் தட்டு ஓட்டிக்கொண்டிருந்த ரான் ஹார்டியிடம் அந்தக் கேசட்டைக் கொடுத்தார்கள். அவர் முதல் தடவை போட்டபோது ஆடிக்கொண்டிருந்த கூட்டம் கலைந்துபோனதாம். மனிதர் விடவில்லை. அதே இரவில் மறுபடி மறுபடி போட்டார். நாலாவது தடவை கூட்டம் பித்துப்பிடித்து ஆடியது என்று அந்தப் பையன்களே பிற்பாடு சொன்னார்கள். 1987-இல் அது தட்டாக வந்தது, ஆசிட் ஹவுஸ் என்ற பெயரும் ஊரெல்லாம் பரவியது.

திறமையில் சரண்ஜித் சிங் குறைந்தவரா? அந்தப் பையன்களைவிடப் பல மடங்கு தேர்ந்த வாத்தியக்காரர். பட ஆர்க்கெஸ்ட்ராவில் அவரைச் சுற்றி எத்தனையோ கலைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டும் இன்னொருவர் பக்கத்தில் இருந்தாரா, தட்டைப் பிடிவாதமாக நாலு தடவை போட்டுக்காட்ட ஒரு கிளப் இருந்ததா என்பதுதான் கேள்வி. இல்லை என்பது என் ஊகம். அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இலேயே மூக் சிந்தசைசரோடு ஒரு ஸ்டுடியோ அமைத்தார்கள். அங்கே பதிவான நாடாக்கள் 2023-இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. ஆக, இந்தியாவில் இந்த இசைக்குக் கருவியும் இருந்தது, மூளையும் இருந்தது. சேர்ந்து உட்கார்ந்து கேட்க நாலு பேர்தான் இல்லை.

தெற்கு இலண்டனில் குராய்டன் என்ற இடத்தில் பிக் ஆப்பிள் என்று ஒரு இசைத்தட்டுக் கடை இருந்தது. கல்லாவில் நின்றவர் ஹாட்சா என்ற டிஜே. பள்ளிக்கூட வயதில் அந்தக் கடையைச் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் ஸ்க்ரீம், பெங்கா என்ற இரண்டு பையன்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்ததை அங்கே கொண்டுவந்து போட்டுக் காட்டுவார்கள். டப்ஸ்டெப் என்று பிற்பாடு பெயர் வாங்கிய இசையின் பாதிக் கதை அந்தக் கடைக்குள் நடந்தது. கடைக்காரர் முதலில் செய்தது பையன்களை விரட்டாமல் இருந்ததுதான்.

சரி, இதெல்லாம் அந்த ஊர்க் கதை, சென்னைக்கு ஒத்துவராது என்று யாராவது சொல்வீர்கள். சென்னையில் இதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று பல தலைமுறையாக இருக்கிறதே! மார்கழியில் ஏதாவது ஒரு சபாவுக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். டிக்கெட் பெரும்பாலும் கிடையாது. மேடையில் கல்லூரி வயதில் ஒரு பெண் பாடிக்கொண்டிருப்பார். கீழே முப்பது நாற்பது பேர். அதில் பாதி அவருடைய சொந்தக்காரர்கள், மீதியில் சிலர் கேன்டீன் சாப்பாட்டுக்குப் பிறகு ஏசியில் கண்ணயர வந்த மாமாக்கள். பார்க்க எடுபடாத காட்சிதான். ஆனால் மேடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வயலின் வாசிப்பவருக்கும் அவர் வயது, மிருதங்கக்காரருக்கும் அவர் வயது. பல சமயம் அந்தப் பக்கவாத்தியத்தைப் போட்டதே சபாதான். அன்றுதான் மூவரும் முதல் தடவை சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். தனி ஆவர்த்தனத்தில் ஒரு கணக்கு இடித்து மூவரும் சிரித்துச் சமாளிப்பார்கள். கச்சேரி முடிந்ததும் கேன்டீனில் அடை அவியல். இருபது வருடம் கழித்து அதே மூன்று பேர் மாலை ஆறு மணி ஸ்லாட்டில் வாசிக்கும்போது, இவர்களுக்குள் இப்படியொரு புரிதல் எப்படி வந்தது என்று விமர்சகர்கள் வியப்பார்கள்.

சபாக்களின் கதவு யாருக்குத் திறக்கிறது, யாருக்குத் திறப்பதில்லை என்பது பெரிய சண்டை. அந்தச் சண்டையில் நான் சபாக்கள் பக்கம் இல்லை. ஆனாலும் அந்த மதிய ஸ்லாட்டையும் முன்பின் தெரியாத மூன்று பேரைக் கோத்துவிடும் அந்தப் பழக்கத்தையும் வெட்கமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

நம் இசைக்கு மதிய ஸ்லாட் கிடையாது. எல்லாமே ராத்திரி ஒன்பதரைக்கு மேல், பெரும்பாலும் ஓட்டல் பார்களில். தமிழ்நாட்டில் மது அருந்தும் வயது 21. வாசலில் அடையாள அட்டை பார்த்துத் திருப்பி அனுப்புவதற்காக உங்களைக் குறைசொல்ல முடியாது, லைசன்ஸ் உங்களுடையது. ஆனால் பெரும்பாலானவர்கள் இதைத் தொடங்குவது பதினாறு, பதினேழு வயதில். ஒரு ஆள் பைத்தியம் பிடித்தாற்போல் கற்றுக்கொள்ளும் நாலைந்து வருடம் முழுக்க, இந்த இசை சத்தமாக ஒலிக்கும் ஒரே இடம் அவருக்குப் பூட்டியிருக்கிறது. பெண்களுக்கு 21 ஆன பிறகும் பாதிக் கதவுதான். மெட்ரோவின் கடைசி வண்டி பதினொரு மணிவாக்கில் போய்விடும், முக்கியமான டிஜே வாசிக்கும் செட் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். வீட்டில் சொல்லிவிட்டு வர முடிந்தவர்கள் எத்தனை பேர்?

எல்லாம் தாண்டி உள்ளே வந்தாலும் பேச முடியாது. நூறு டெசிபல் சத்தத்தில் ஒருவர் காதருகே போய் "எந்த சாஃப்ட்வேர்ல செய்றீங்க?" என்று கத்தினால் "வேளச்சேரி!" என்று பதில் வரும். கிளப்பைக் குறை சொல்லவில்லை. அது ஆடுகிற இடம், ஆடத்தான் லாயக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். புதியவர்களுக்கான இரவு என்று அறிவித்த ஓர் ஏற்பாட்டாளர், அரை மணி நேரம் வாசிக்க வேண்டுமென்றால் இருபது டிக்கெட் விற்றுத் தரவேண்டும் என்றார். விற்றேன். வந்தவர்கள் என் ஆபீஸ் நண்பர்கள். எனக்கு முன்னால் வாசித்தவர் தன் கல்லூரி நண்பர்களோடு வந்தார், தன் செட் முடிந்ததும் அவர்களோடு கிளம்பிவிட்டார். எனக்குப் பின்னால் வாசிக்க இருந்தவர் அப்போதுதான் ஆட்டோவில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஒரே மேடையில் வாசித்த ஆறு பேர் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமல் வீடு திரும்பினோம். டிக்கெட் விற்றவர் தன் ஆட்களைத்தானே கூட்டிவருவார்? அந்த ஏற்பாடு அப்படித்தான் முடியும்.

கோடம்பாக்கம் பக்கம் போ, ஒரு இசையமைப்பாளரிடம் கம்ப்யூட்டரில் இசையைக் கோக்கும் புரோகிராமராகச் சேர் என்பவர்களும் உண்டு. அது ஒரு நல்ல தொழில், அதில் நுழைந்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே கிடைப்பது முதலாளி. நான் தேடுவது, என்னைப் போலவே ஒரு டிராக்கை முடிக்கத் தெரியாமல், திரும்பத் திரும்பச் சுற்றும் எட்டு பார் (எட்டுத் தாளச் சுற்று) லூப்பிலேயே மாட்டிக்கொண்டு விழிக்கும் இன்னொருவரை.

அதற்கு எதற்கு ஸ்பீக்கர், டீக்கடையில் சந்தித்துக்கொள்ள வேண்டியதுதானே என்றால், சந்தித்திருக்கிறோம். போனில் போட்டுக் காட்டுவோம். போன் ஸ்பீக்கரிலும் லேப்டாப் ஸ்பீக்கரிலும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் தாழ்ந்த ஒலி ஒன்றும் உருப்படியாக வராது. இந்த இசையின் உயிரே அதற்குக் கீழேதான் இருக்கிறது. சரி, அறையில் மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கி வைத்தால்? 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். பத்தடிச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி மோதி மோதித் தேங்கும். அறை சதுரமாக இருந்தால் நீளத்திலும் அகலத்திலும் அதே இடத்தில் தேங்கும், இரட்டைத் தொல்லை. 'தும்' என்று அடிக்கும் கிக் டிரம்மின் உடம்பு இருப்பதும் சரியாக அங்கேதான். சுவரை ஒட்டி நின்றால் வீடே அதிரும், அறை நடுவில் உட்கார்ந்தால் கிக் காணாமல் போயிருக்கும். எந்த இடத்தில் நின்று கேட்டதை நம்புவது? இந்த ஊரின் வாடகை அறைகளில் செய்யப்படும் ஒவ்வொரு டிராக்கிலும் இந்தப் பொய் கலந்திருக்கிறது. உங்கள் ஹாலில் ஒரு தடவை ஓடவிட்டால் ஒரே நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்காக ஆவடியிலிருந்து ரயிலேறி வருவார்கள். ஸ்பீக்கருக்காக வருபவர்கள் அங்கே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நண்பர்களைச் சேர்த்துக்கொள்ள வாருங்கள் என்று கூப்பிட்டால் நம்மைப் போன்ற கூச்சக்காரர்கள் வரவே மாட்டார்கள்.

அதனால் நான் கேட்பது இது. மாதம் ஒரு ஞாயிறு, மாலை நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை. உங்கள் பாரில் அப்போது நாற்காலி துடைத்துக்கொண்டிருப்பார்கள், உங்கள் ஸ்டுடியோவில் புக்கிங் இருக்காது, உங்கள் கல்லூரி பூட்டிக்கிடக்கும். மது பரிமாற வேண்டாம், அப்போது வயதுச் சிக்கலுக்கும் ஒரு வழி பிறக்கும். இரவு பத்து மணிக் கட்டுப்பாடு, போலீஸ் என்ற கவலை நாலு மணிக்கு இருக்காது.

வருபவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட வேண்டும். யார் முதல், யார் கடைசி என்ற அரசியல் அதோடு ஒழியும். ஆளுக்கு மூன்று நிமிடம், முடியாத டிராக்காகவே இருக்கட்டும். முடித்த டிராக்கைப் போட்டால் கேட்பவர் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவார், அரைகுறையாக இருந்தால்தான் பேச்சு தொடங்கும். போடுவதற்கு முன்னால் "இது இன்னும் மிக்ஸ் பண்ணல, வோக்கல் சும்மா வச்சிருக்கேன்" என்ற பல்லவிக்குத் தடை. மிக்சரில் நிற்பவர் எல்லோருடைய டிராக்கையும் ஒரே சத்தத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சத்தத்தை ஏற்றிக்காட்டும் லிமிட்டரைப் போட்டு நசுக்கிக் கொண்டுவந்தவர்தான் எல்லோரையும் அமுக்குவார். முடிந்ததும் கேட்டவர்களிடம் ஒரே கேள்வி: எந்த இடத்தில் உங்கள் கவனம் போயிற்று? இதற்குப் பதில் சொல்ல இசை அறிவு தேவையில்லை, நாற்காலி துடைக்கும் அண்ணன்கூடச் சொல்லலாம். சொல்லப்போனால் அவர் பதில்தான் எனக்கு முதலில் வேண்டும்.

நடுவில் அரை மணி நேரம் டீ. வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது.

கடைசியில் இன்னொரு குலுக்கல். சபாக்காரர்கள் பக்கவாத்தியம் போடுவதுபோல் இரண்டிரண்டு பேராகக் கோத்துவிட்டு, அடுத்த மாதம் சேர்ந்து ஒரு டிராக் கொண்டுவாருங்கள் என்று அனுப்ப வேண்டும். இசை சாஃப்ட்வேரில் ஒருவர் எஃப்எல் ஸ்டுடியோவும் இன்னொருவர் ஏபிள்டனும் வைத்திருப்பார். பரவாயில்லை. பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) என்னவென்று சொல்லிவிட்டு, டிராக்கில் இருக்கும் ஒவ்வொரு சத்தத்தையும் முதல் பாரிலிருந்தே தனித்தனி 24-பிட் வேவ் ஆடியோ ஃபைலாக எடுத்து அனுப்பினால் போதும், எதில் போட்டாலும் சரியாக உட்காரும். இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லித்தர ஆளில்லாமல், ஒத்துழைப்பே நமக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டியவர்களை எனக்குத் தெரியும். யாருக்கு எத்தனை பங்கு என்பதை முதல் நாளே ஒரு மெசேஜில் எழுதிக்கொள்ள வேண்டும். பாதிப் பாதி என்றாவது எழுதுங்கள். சம்பாதிக்கப்போவது பூஜ்யமாக இருந்தாலும் எழுதுங்கள், பூஜ்யத்துக்காகவும் சண்டை வரும்.

சவுண்ட் இன்ஜினியரிங் கல்லூரிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் மாணவர்கள் பெரிய தொகை கட்டிப் படிக்கிறார்கள். பாடங்களில் பெரும்பகுதி இன்று யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறது, அது உங்களுக்கும் தெரியும். அவர்களுக்கு உங்களிடம் உண்மையில் கிடைப்பது ஒரு நல்ல அறையும், அதே அறையில் இருக்கும் இன்னும் இருபது பேரும்தான் என்பது என் எண்ணம். கட்டணம் கட்ட வசதியில்லாதவர்களுக்கு மாதம் மூன்று மணி நேரம் அந்த அறையைத் திறந்துவிட்டால் உங்கள் வியாபாரம் படுத்துவிடாது. உங்கள் மாணவர்களுக்கும் வெளியாட்களைப் பார்த்தால் நல்லது.

பெயர் வாங்கிய இசைத் தயாரிப்பாளர்களே, டிஜேக்களே, நீங்களும் வாருங்கள். ஆனால் நடுவராக வர வேண்டாம். மாஸ்டர்கிளாஸ் வேண்டாம், போட்டி வேண்டாம், வென்றவருக்கு உங்கள் நிகழ்ச்சியில் வாய்ப்பு என்ற தூண்டிலும் வேண்டாம். பரிசு என்று ஒன்று வந்துவிட்டால் அரைகுறை டிராக்கை யாரும் கொண்டுவர மாட்டார்கள். உங்கள் பெயரையும் சீட்டில் எழுதிப் போடுங்கள், உங்களிடமும் முடியாமல் கிடக்கும் டிராக் நிச்சயம் இருக்கும். அதைப் போடுங்கள். கேமராவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

யாரும் வரவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதல் மாதம் ஏழெட்டுப் பேர்தான் வருவோம். அதில் ஒருவர் கோபித்துக்கொண்டு போவார், ஒருவர் கிரிப்டோ பற்றிப் பேச ஆரம்பிப்பார். ஆறு மாதம் தொடர்ந்து திறந்துவைத்துப் பாருங்கள். ஆறாவது மாதமும் ஏழெட்டுப் பேர்தான் என்றால் நிறுத்திவிடுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ஏசி, மின்சாரம், மேற்பார்வைக்கு நிற்கும் ஊழியரின் மூன்று மணி நேரச் சம்பளம், எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள். வருபவர்கள் பிரித்துக் கட்டிவிடுகிறோம். யாராவது ஸ்பீக்கரின் ட்வீட்டரைக் கருக்கிவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் உங்கள் ஆளே வால்யூமைப் பிடித்துக்கொள்ளட்டும், லெவலை எங்கே பூட்டச் சொல்கிறீர்களோ அங்கே பூட்டிக்கொள்வோம். டீ, பஜ்ஜி செலவு எங்களுடையது. ஒருவர், ஒரே ஒருவர் சரி என்று சொன்னால் போதும், தேதியை நீங்களே குறியுங்கள்.

இப்படிக்கு,
வேளச்சேரியிலிருந்து, எட்டு பார் லூப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் ஒருவன்